படபடப்பும் ஒரு மணி நேரத் தவமும்

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வங்கிக் கிளையில் வேலை பார்த்த எவருக்கும் மன அழுத்தம் என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை. கோவையில் ஒரு கிளையில் பல ஆண்டுகளாகக் காசாளராக இருக்கிறேன். கவுன்டரை மூடிய பிறகு கையிருப்புப் பணமும் கணினி காட்டும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஐந்நூறு ரூபாய் குறைந்தாலும் அன்றைய அத்தனை சலான்களையும் மறுபடி புரட்ட வேண்டும், அப்படியும் கணக்கு நேராகாவிட்டால் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். வேலையின் இயல்பே இதுதான் என்பதால் அதைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் ஒரு கட்டத்தில், கணக்கு நேராகிவிட்ட நாட்களிலும் நெஞ்சு படபடப்பது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல் உள்ளங்கை வியர்க்கும். நள்ளிரவு தாண்டி விழிப்பு வந்தால், மறுநாள் நடக்கப்போகிற காரியங்களும் ஒருபோதும் நடக்கப்போகாத காரியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். நான் தியானத்தைத் தேடிப் போனது ஞானத்துக்காக அல்ல, இந்தப் படபடப்புக்காகத்தான். அதனால் இங்கே எழுதுவதும் அந்த அளவில்தான்: மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் தியானம் உண்மையாகவே என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதைப் பற்றி மட்டும்.

தியான வகுப்புக்குப் போவதற்கு முன்னால் மருத்துவரிடம் போனேன் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறியிருந்தாலும் இதே படபடப்பு வரும். அவற்றைக் கண்ணை மூடி உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் எங்கள் மருத்துவர், “உடம்புல ஒண்ணும் இல்லம்மா, இது பதற்றம்தான்” என்றார். மாத்திரை உடனே தேவைப்படும் நிலையில் நான் இல்லை என்றும், தூக்கத்தையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு மூச்சுப்பயிற்சியோ தியானமோ முறையாகக் கற்றுக்கொண்டு வரும்படியும் சொன்னார். அன்று அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கியதுதான், பின்னால் நான் உட்கார்ந்த ஒவ்வொரு தவத்துக்கும் எனக்குப் பொருள் கொடுத்தது.

ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, அதைத் தொடர்ந்து கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பாம்பைக் கண்டு ஓட வேண்டியவனுக்கு இவை அனைத்தும் தேவை. ஆனால் எதிரே இருப்பது பாம்பா, மேலாளரின் தொலைபேசி அழைப்பா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. அது மட்டுமல்லாமல், நாளை வரக்கூடிய அழைப்பை இன்று நினைத்தாலே போதும், உடம்பு இப்போதே தயாராகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் இதயம், செரிமானம் போன்றவற்றை நாம் நேரடியாகக் கட்டளையிட்டு நிறுத்த முடியாது. மூச்சு ஒன்றுதான் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளிவிடும்போது சற்றுக் குறைகிறது. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்புதான் அந்தக் குறைவை நடத்துகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு விடும் நாம், அதை ஆறு மூச்சளவுக்கு நிதானப்படுத்தி வெளிமூச்சை நீட்டினால், அமைதியைக் கொண்டுவரும் நரம்பு மண்டலத்தின் கை ஓங்குகிறது. பெரும்பாலான தியான மரபுகள் மூச்சிலிருந்து தொடங்குவதற்கு அவரவர் தத்துவத்தில் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

கொங்குப் பகுதியில் தியானம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குத் தெருவுக்குத் தெரு இல்லாவிட்டாலும் ஊருக்கு ஊர் ஒரு மனவளக்கலை மன்றம் இருக்கும். கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி உருவாக்கிய முறை அது; பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறில் உள்ள அறிவுத்திருக்கோயில் அதன் தலைமை இடம். எங்கள் பகுதி மன்றத்துக்கு ஒரு பக்கத்து வீட்டு அக்கா அழைத்துப் போனார். அங்கே தியானத்தைத் தவம் என்பார்கள். காவி இல்லை, சடங்கு இல்லை. ஜமக்காளம் விரித்த ஒரு கூடம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுவரோரம் நாற்காலிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வகுப்பு எடுத்தார். நேராகத் தவத்தில் உட்கார வைக்காமல் முதலில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி என்று போய்க் கடைசியில் உடல் தளர்த்துதல் வரும். மல்லாந்து படுத்துக்கொண்டு, கால் விரல், பாதம், கெண்டைக்கால், முழங்கால் என்று ஆசிரியர் ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்ல, நம் கவனம் அங்கே போய், அந்த இடத்தைத் தளரவிட வேண்டும். முதல் முறை அதைச் செய்தபோது, என் தாடையை எத்தனை இறுக்கமாகக் கடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன. வலித்தால்தான் உடம்பைக் கவனிப்பது என்று பழகியவளுக்கு, வலிக்காமலேயே உடம்பு இத்தனை நேரம் சண்டைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தது என்பது பெரிய செய்தியாக இருந்தது.

தவத்தில் என்ன நடக்கிறது என்பதை, பெரிய சொற்கள் ஏதும் இல்லாமல், பார்த்தபடி சொல்லிவிடுகிறேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கண்ணை மூடி, புருவ மத்தியில் கவனத்தை வைக்கச் சொல்வார்கள். முதலில் அங்கே ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு மெல்லிய துடிப்பு, எறும்பு ஊர்வதுபோல ஓர் உணர்வு. அதைக் கவனிக்கத் தொடங்கிய சில மூச்சுகளுக்குள் மனம் மதியம் நடந்த பேச்சுக்குப் போய்விடும். வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன சொல்லுக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது கச்சிதமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன், அந்தக் கவுன்டரிலேயே இன்னும் நிற்பதுபோல நெஞ்சு அடிக்கும். திடீரென்று, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வரும். கவனத்தைத் திரும்பப் புருவ மத்திக்குக் கொண்டுவருவேன். மறுபடி போகும், இந்த முறை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. மறுபடி கொண்டுவருவேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம், “கண்ணை மூடுனா நூறு நெனப்பு வருதுங்க ஐயா, எனக்கு இது வராது போல இருக்குங்க” என்றேன். “நெனப்பு வராம இருக்கறதுக்கு இல்லைங்கம்மா இது. போனது தெரிஞ்சு திரும்பி வந்தீங்கல்ல, அதுதான் தவம்” என்றார். நோட்டுக் கட்டைக் கையால் எண்ணும்போது யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை விட்டுப்போனால், நாங்கள் யாரையும் திட்டுவதில்லை, கட்டைத் தட்டிச் சரிசெய்து முதலிலிருந்து எண்ணத் தொடங்குவோம். அந்தப் பழக்கம் கைக்கு இருந்ததால் ஆசிரியர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது.

அவர் சொன்னதற்கு ஆய்வுலகத்திலும் ஆதரவு உண்டு. 2010இல் ஹார்வர்டு உளவியலாளர்களான கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம், அவர்கள் அன்றாட வேலைகளில் இருக்கும்போதே கைப்பேசி வழியாக இடையிடையே கேட்டுப் பார்த்தார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று. ஏறக்குறைய 47 விழுக்காடு நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைந்துகொண்டிருந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போது சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள் சில உண்டு. தன்னைப் பற்றிய எண்ணங்களும் பழைய நினைவுகளும் நாளைய கற்பனைகளும் ஓடுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பு இருக்கிறது. நெடுநாள் தியானப் பழக்கம் உள்ளவர்களிடம் அந்தப் பகுதிகளின் செயல்பாடு தியானத்தின்போது குறைவாக இருப்பதை 2011இல் ஜட்சன் ப்ரூவரின் குழு பதிவு செய்தது. பதற்றம் உள்ளவருக்கு எண்ணம் வருவது தொல்லை அல்ல, வந்த எண்ணத்தோடு போய்விட்டது தெரியாமலேயே இருப்பதுதான் தொல்லை. தவம் அந்தத் தெரியாமையின் நீளத்தைக் குறைக்கிறது. முன்பெல்லாம் ஒரு கவலைக்குள் போனால் அரை மணி நேரம் கழித்து, உடம்பெல்லாம் இறுகிய பிறகுதான் வெளியே வருவேன். இப்போது நான்கைந்து மூச்சுக்குள் பிடிபட்டுவிடுகிறது, சில நாள் பிடிபடுவதில்லை.

மருத்துவமனைகளுக்குள் தியானம் வந்த கதை அரை நூற்றாண்டுப் பழமையானது. 1970களின் தொடக்கத்தில் ஹார்வர்டு இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், மந்திரத் தியானம் செய்பவர்களின் மூச்சும் ஆக்சிஜன் செலவும் குறைவதை அளந்து காட்டினார். 1979இல் ஜான் கபாட்-சின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியோடும் அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்கு எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கும் புத்த மரபின் விழிப்புநிலைத் தியானத்தையும் சிறிது யோகாசனத்தையும் எடுத்துக்கொண்டு, மதச் சொற்களை விலக்கி, எந்த நம்பிக்கை உள்ளவரும் வரக்கூடியதாக அதை அமைத்தார். அதில் முதலில் கற்றுத் தரப்படுவது, படுத்துக்கொண்டு உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுபோகும் பயிற்சி. எங்கள் மன்றத்தின் உடல் தளர்த்துதலைச் செய்தவர்கள் அதை அந்நியமாக உணர மாட்டார்கள்.

இந்த எட்டு வாரப் பயிற்சியைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் சோதித்திருக்கிறார்கள். 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், 47 சோதனைகளில் பங்கேற்ற 3,515 பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்து, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகிய மூன்றிலும் விழிப்புநிலைத் தியானம் மிதமான பலன் தருகிறது என்றார்கள். உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற சிகிச்சைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதே கட்டுரையில் சொன்னார்கள். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாம் பாதியையும் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2022இல் வெளியான இன்னொரு சோதனை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பதற்ற நோய் என்று உறுதி செய்யப்பட்ட 276 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் மறுபாதிக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சியும் கொடுத்தார்கள். எட்டு வார முடிவில் இரு சாராருக்கும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. பக்கவிளைவுகள் மாத்திரைக்காரர்களிடம் கூடுதலாக இருந்தன. பதற்றத்துக்கு மருத்துவர்கள் பரவலாக எழுதித் தரும் ஒரு மாத்திரையோடு தோளுக்குத் தோள் நிற்கிறது என்றால், தியானத்தைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தச் சோதனையில் தியானம் செய்தவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, இடையில் ஒரு முழுநாள் பயிற்சி, வீட்டில் அன்றாடம் முக்கால் மணி நேரம் என்பது அவர்களுக்கு வகுத்துக் கொடுத்த அளவு. பேருந்தில் போகும்போது செயலியைத் திறந்து மூன்று நிமிடம் கேட்பதும் இதுவும் ஒன்றல்ல. மூன்று நிமிடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த நேரத்துக்கு அது இதம்தான். ஆய்வில் வந்த பலனை அதற்கு எழுதிக்கொடுக்க முடியாது என்கிறேன். அதேபோல, எல்லோருக்கும் கட்டாயமாகக் கொடுத்தால் எல்லோரும் நலம் பெறுவார்கள் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் அதிகமான வளரிளம் பருவத்து மாணவர்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தது. வகுப்பறையில் விழிப்புநிலைப் பயிற்சி பெற்றவர்களுக்கு, வழக்கமான பாடம் பெற்றவர்களைவிட மனநலத்தில் முன்னேற்றம் எதுவும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறிவிடுகிறது என்று பரவலாகப் பகிரப்படும் செய்திக்கும் இதே கதிதான். சிறிய ஆய்வுகளில் கண்டதாகச் சொல்லப்பட்ட அந்த மாற்றம், பின்னர் கூடுதலான ஆட்களை வைத்துக் கவனமாகச் செய்த ஆய்வில் தென்படவில்லை. தியானத்தை நேசிக்கிறவர்கள்தான் இவற்றை உரக்கச் சொல்ல வேண்டும். மிகைப்படுத்தி விற்கப்பட்டதை நம்பி வந்து, இரண்டே வாரத்தில் ஏமாந்து திரும்புகிறவர், பிறகு உண்மையாகக் கிடைக்கக்கூடிய பலனையும் தேடி வரமாட்டார்.

மன்றத்தில் எனக்குக் கிடைத்தவற்றில், தவத்துக்கு இணையாக நான் மதிப்பது அகத்தாய்வை. கண்ணை மூடுவதோடு நிறுத்தாமல், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து தன்னைத்தானே ஆராயும் பயிற்சி அது. அதில் கவலை ஒழித்தல் என்று ஒரு பகுதி உண்டு. இருக்கிற கவலைகளையெல்லாம் எழுதச் சொல்லி, அவற்றை நான்காகப் பிரிக்கச் சொல்வார்கள்: உடனே தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, அனுபவித்தே தீர வேண்டியவை. என் நோட்டில் அம்மாவின் மூட்டுத் தேய்மானம், ‘அனுபவித்தே தீர வேண்டியவை’ என்ற கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. மாற்ற முடியாததை மாற்றத் துடித்துக்கொண்டிருந்த களைப்பு, அதை அந்தக் கட்டத்தில் எழுதிய நாளில் பாதியாகக் குறைந்தது. மகளின் கட்டணம் முதல் கட்டத்துக்கு வந்தது, மறுநாளே சேமிப்புச் சீட்டுக்காரரிடம் பேசினேன். உடன் வேலை பார்ப்பவர் என்னைப் பற்றி என்ன பேசினார் என்பது மூன்றாவது கட்டத்தில். தவம் செய்து மனம் சற்று அடங்கிய பிறகு இதை எழுதினால் கை தயங்காமல் பிரிக்கிறது. படபடப்பில் எழுதினால் எல்லாமே உடனே தீர்க்க வேண்டியவையாகத் தெரிகின்றன.

பலனைத் தேடிப் போவது பற்றிப் பேசும்போது, விபாசனா என்ற புத்த மரபுத் தியானத்தை இந்தியாவில் பரப்பிய கோயங்காவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பர்மாவின் மண்டலேயில் 1924இல் பிறந்த வணிகரான அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி. வலிக்காக மார்ஃபின் ஊசி போட வேண்டிய நிலையில், அதற்கு அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. பர்மிய அரசின் தலைமைக் கணக்கராக இருந்துகொண்டே விபாசனா கற்பித்த ஊ பா கின்னிடம் போனபோது, தலைவலியைப் போக்குவதற்காக மட்டும் என்றால் வர வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மைப்படுத்தும் வழியைத் தலைவலி மருந்தாகச் சுருக்குவதை அந்த ஆசிரியர் விரும்பவில்லை. பிறகு சேர்ந்து பயின்று, தலைவலியும் நீங்கி, 1969இல் இந்தியா வந்து அந்த முறையைப் பரப்பினார் கோயங்கா. 1976இல் மகாராஷ்டிராவின் இகத்புரியில் மையம் அமைந்தது, சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் ஒன்று இருக்கிறது. பத்து நாள் மௌனம், அதிகாலை நான்கு மணிக்கு எழுவது, கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். ஊ பா கின் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் படபடப்போடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தக் கூடாது என்பது என் எண்ணம். கோயங்காவே தலைவலியால்தான் அந்த வாசலுக்குப் போனார். இருந்தாலும் ஊ பா கின் சொன்னதில் நடைமுறை உண்மை ஒன்று இருக்கிறது: இன்றைக்குப் படபடப்பு குறைந்ததா என்று ஒவ்வொரு தவத்திலும் அளந்துகொண்டே இருந்தால், அந்த அளப்பே புதிய பதற்றமாகிவிடும்.

தியானம் எல்லோருக்கும் எப்போதும் நன்மையே செய்யும் என்பதும் சரியல்ல. 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 83 ஆய்வுகளைப் பார்த்து, ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு விரும்பத்தகாத விளைவு ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. அவற்றில் அதிகம் சொல்லப்பட்டவை பதற்றமும் மனச்சோர்வும்தான். கொடிய அனுபவங்களைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடியதும் அந்தக் காட்சிகளே எதிரே வந்து நிற்கலாம். மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவை உள்ளவர்கள், நீண்ட மௌனப் பயிற்சிகளுக்குத் தங்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. இது மேலைநாட்டு ஆய்வாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. எங்கள் மன்றத்தில், புருவ மத்தியில் தவம் செய்து தலை கனத்தாலோ உறக்கம் கெட்டாலோ, கவனத்தை முதுகுத்தண்டின் அடிக்கு இறக்கிச் சாந்தி தவம் செய்யச் சொல்வார்கள். தவம் உபாதை தரக்கூடும் என்பது தெரிந்ததால்தானே இறக்கி வைக்கவும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்து கற்றுத்தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தவம் செய்கிறோமே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. மனநல மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் அதற்கே தனியாகத் தொல்லைகள் உண்டு, மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

என் அளவில் மாறியது என்ன என்று கேட்டால், முதலில் தூக்கம். விழிப்பு இப்போதும் வருகிறது, ஆனால் அதோடு சண்டை போடுவதில்லை. படுத்தபடியே கால் விரலிலிருந்து தொடங்கினால் இடுப்பைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் உறங்கிவிடுகிறேன். அடுத்தது கோபம், வீட்டில் இருப்பவர்கள் முதலில் கவனித்தது அதைத்தான். கவுன்டரில் யாராவது குரலை உயர்த்தினால், பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு வெளிமூச்சை முழுதாக விடும் அளவுக்கு இடைவெளி கிடைக்கிறது. மாறாதது எது என்றும் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை மாறவில்லை, இலக்கு மாறவில்லை, மார்ச் மாதம் மாறவில்லை. வேலையிடத்தின் சுமையைக் குறைக்காமல், ஊழியர்களுக்கு ஒரு நாள் தியான முகாம் நடத்திவிட்டு அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று சொல்லும் போக்கை நான் ஏற்கவில்லை. ஆள் போட வேண்டிய இடத்தில் ஆள்தான் போட வேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில், காபிக்கும் கைப்பேசிக்கும் முன்னால், எந்த நேரத்தை ஒதுக்கினாலும் அன்றாடம் அதே நேரமாக இருக்கட்டும். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும், சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். உட்கார்வதே தவிப்பாக இருக்கும் நாட்களில், மொட்டை மாடியில் பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி மெதுவாக நடந்தாலும் அது பயிற்சிதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். முதல் சில வாரங்களில் எண்ணங்கள் கூடுவதுபோலத் தோன்றும். முன்பே இருந்தவைதான், இப்போது கண்ணில் படுகின்றன. எட்டு வாரம் முறையாகச் செய்தும் படபடப்பு குறையவில்லை என்றாலோ, சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போய் உயிரோடு இருப்பதே பாரம் என்ற நினைப்பு தலைகாட்டினாலோ, தவத்தின் நேரத்தைக் கூட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், தேவைப்பட்டால் அருகிலுள்ள மனநல மருத்துவரிடம் அவர்களே வழிகாட்டுவார்கள்.